பெருங்குடல் அழற்சிக்குக் குர்குமின் காப்ஸ்யூல்: ஈரோட்டு மண்டியிலிருந்து ஒரு மதிப்புரை

அறுபது காப்ஸ்யூல் கொண்ட டப்பா. ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் மஞ்சள் சத்து, அதில் 95 சதவீதம் குர்குமினாய்டு, அதாவது மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமினும் அதன் இனப் பொருட்களும். விலை 720 ரூபாய். எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலில் புண்ணோடு வரும் அழற்சி நோய், இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்த மெசலமைன் என்ற குடல் அழற்சி மருந்தோடு சேர்த்து இதைச் சில மாதங்கள் எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்களைப் போன்ற நோயாளிகள் சிலருக்கு இது வாங்கத் தகுந்த சரக்குதான். ஆனால் டப்பாக்களின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் தேவையில்லாததைத்தான் வாங்கி வருவோம். குடலிலிருந்து இரத்தத்தில் உறிஞ்சப்படும் அளவைப் பற்றித்தான் எல்லா நிறுவனமும் பேசுகிறது. பெருங்குடல் நோய்க்குப் பார்க்க வேண்டியது வேறு.

நான் ஈரோட்டில் ஒரு மஞ்சள் கமிஷன் மண்டியில் கணக்கு பார்க்கிறேன். விரலி எது, கிழங்கு எது, எந்த மூட்டையில் ஈரம் நிற்கிறது என்று ஒடித்துப் பார்த்தே சொல்லிவிடுகிற ஆட்கள் நடுவில்தான் என் வேலை. ஏலம் நடக்கும் நேரத்தில் பாதியில் எழுந்து கழிப்பறைக்கு ஓட வேண்டியிருப்பதும் வருடக் கணக்காக உண்டு. அதனால் இந்த டப்பாவைச் சரக்குக்காரனாகவும் பார்க்கிறேன், நோயாளியாகவும் பார்க்கிறேன்.

நோயைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். குடலுக்குள் இயல்பாக வாழும் நுண்ணுயிர்களுக்கு எதிராக நோய் எதிர்ப்பு மண்டலம் அளவுக்கு மீறிக் கிளம்பிவிடுகிறது. அதில் அடிபடுவது பெருங்குடலின் உள்சவ்வு. பெரும்பாலும் மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும். இரத்தமும் சளியும் கலந்த பேதி, வயிற்றைப் பிசைகிற வலி, ஒரு நிமிடம் கூடப் பொறுக்க முடியாத அவசரம். இது வெளியே சொல்லக் கூச்சப்படுகிற நோய். பேருந்தில் ஏறுவதற்கு முன்னால் எங்கெங்கே நிற்கும் என்று விசாரித்துக்கொண்டு ஏறுகிறவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். இதே குடும்பத்தைச் சேர்ந்த குரோன்ஸ் நோய் வேறு மாதிரி: வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம், குடல் சுவரின் முழுத் தடிமனுக்கும் இறங்கலாம். இந்த வேறுபாடு இந்த மதிப்புரைக்கு முக்கியம், பின்னால் வருகிறேன்.

குர்குமின் இதில் எங்கே நுழைகிறது? அழற்சி நடக்கும் செல்களுக்குள் என்எஃப்-கப்பா-பி என்று ஒரு புரதம் இருக்கிறது. சாதாரண நேரத்தில் இன்னொரு புரதம் அதைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கும். ஆபத்து என்று செய்தி வந்தால் பிடித்து வைத்திருக்கும் புரதம் சிதைக்கப்படும். விடுபட்ட என்எஃப்-கப்பா-பி உட்கருவுக்குள் போய், அழற்சியைத் தூண்டும் புரதங்களான டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 ஆகியவற்றைச் செய்யும் மரபணுக்களைக் கிளப்பிவிடும். குடல் நோய் முற்றியவர்களுக்கு ஏற்றும் இன்ஃபிளிக்சிமாப் மருந்து, உருவாகி வெளியே வந்துவிட்ட டிஎன்எஃப்பைப் பிடித்துச் செயலிழக்கச் செய்கிறது. குர்குமினோ அதற்கு முந்திய படியில், அந்தத் தடுப்புப் புரதம் சிதையாமல் பார்த்துக்கொள்கிறது என்று ஆய்வகங்களில் காட்டியிருக்கிறார்கள். வழி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போகிறதே தவிர, பலத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம்.

ஆய்வகத் தட்டில் நடந்ததை நான் அதிகம் நம்புவதில்லை. குர்குமின் எளிதில் சிதையும் பொருள், பல சோதனை முறைகளில் பொய்யான பலனைக் காட்டிவிடக் கூடியது என்று 2017இல் மருந்து வேதியியலாளர்கள் விரிவாக எழுதினார்கள். புற்றுநோய் முதல் மறதி வரை எல்லாவற்றுக்கும் மஞ்சள் என்று பேசுகிறவர்கள் காட்டுவது பெரும்பாலும் அந்தத் தட்டுச் சோதனைகளைத்தான். மனிதர்களிடம் நடந்த சோதனைகள் என்று பார்த்தால், பெருங்குடல் அழற்சியில் குர்குமினுக்குக் கொஞ்சம் உருப்படியான சான்று இருக்கிறது. அதனால்தான் காசு கொடுத்து வாங்கினேன்.

கோபி பக்கத்து விவசாயி ஒருவர், மூட்டை இறக்கிவிட்டு என் மேசையில் இருந்த டப்பாவைப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க, சுத்தியும் மஞ்ச மூட்டையாக் கெடக்குது, நீங்க மஞ்ச மாத்திரையக் காசு குடுத்து வாங்கறீங்களா? ராத்திரிப் பால்ல ஒரு ஸ்பூன் போட்டுக் குடிச்சா ஆகாதுங்களா?" நியாயமான கேள்வி. அவரிடமே கணக்குப் போட்டுக் காட்டினேன்.

ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதில் குர்குமின் 2.5 முதல் 4.5 சதவீதம். கோழிக்கோட்டு நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பிரபா, பிரதிபா ரகங்களில் 6 சதவீதத்தைத் தாண்டும். மேகாலயாவின் லக்கடாங் மஞ்சளில் 7 சதவீதமும் அதற்கு மேலும் சொல்கிறார்கள். நம் வீட்டுத் தூளுக்கு 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பாலில் போடும் ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 3 கிராம் தூள். அதில் குர்குமின் 90 மில்லிகிராம். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பெருங்குடல் அழற்சி நோயாளிகளுக்கு நாளுக்கு 450 மில்லிகிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள், 2017இல் முடிவு வெளிவந்தது. வெற்று மாத்திரை (ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும், மருந்தில்லாத மாத்திரை) சாப்பிட்டவர்களைவிடப் பெரிதாக ஒன்றும் பலன் இல்லை. அந்த 450 மில்லிகிராமே ஐந்து தேக்கரண்டித் தூளுக்குச் சமம். பலன் தெரிந்த இரண்டு சோதனைகளில் கொடுத்தது நாளுக்கு 2 கிராம், 3 கிராம் குர்குமின். 3 கிராமை வீட்டுத் தூளில் எடுக்க வேண்டுமானால் தினமும் 100 கிராம் மஞ்சள் தூள் தின்ன வேண்டும். அது யாராலும் ஆகாது. மஞ்சள் பால் நல்ல பானம், தொண்டைக்கு இதமாக இருக்கும். இந்த நோய்க்கு அது மருந்து இல்லை.

அந்தச் சோதனைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் டப்பாவின் மதிப்பே அதில்தான் நிற்கிறது. 2006இல் ஜப்பானில் 89 பேரிடம் நடந்தது ஒன்று. நோய் அடங்கியிருந்தவர்களுக்கு வழக்கமான மருந்தோடு காலையில் 1 கிராம், மாலையில் 1 கிராம் குர்குமின் ஆறு மாதம் கொடுத்தார்கள். குர்குமின் எடுத்த 43 பேரில் 2 பேருக்கு நோய் திரும்பியது. வெற்று மருந்து எடுத்த 39 பேரில் 8 பேருக்குத் திரும்பியது. இரண்டாவது, 2015இல் வெளியானது. இஸ்ரேல், ஹாங்காங், சைப்ரஸ் ஆகிய இடங்களில் மெசலமைன் எடுத்தும் நோய் அடங்காத 50 பேருக்கு ஒரு மாதம், நாளுக்கு 3 கிராம். குர்குமின் எடுத்த 26 பேரில் 14 பேருக்கு நோய்க்குறிகள் அடங்கின. மற்ற 24 பேரில் ஒருவருக்குக் கூட இல்லை.

பார்த்தவுடன் பிரமாதமாகத் தெரியும். எனக்கும் அந்த 14க்கு 0 என்ற எண்ணைப் பார்த்ததும் மனசு துள்ளியது. ஆனால் கணக்குப் பார்க்கிறவனுக்கு அந்த 0 உறுத்த வேண்டும். இந்த நோயில் வெற்று மாத்திரை சாப்பிடுகிறவர்களிலும் சிலருக்கு எப்போதும் அடங்கும். ஒருவருக்கும் அடங்கவில்லை என்றால், எடுத்துக்கொண்ட ஆட்கள் குறைவு என்பதை அது காட்டுகிறது. பெரிய சோதனையில் இந்த இடைவெளி சுருங்கும் என்பது என் கணிப்பு. சுருங்கினாலும் ஏதோ மிஞ்சும் என்றும் நம்புகிறேன், ஏனென்றால் இந்த 2, 3 கிராம் அளவில் வேறு வேறு நாட்டில் வேறு வேறு ஆட்கள் செய்தும் ஒரே பக்கமாகத்தான் சாய்கிறது.

குரோன்ஸ் நோய்க்காரர்கள் இந்த இடத்தில் நிற்க வேண்டும். பிரான்சில், குடல் அறுவை செய்துகொண்ட குரோன்ஸ் நோயாளிகளுக்கு, நோய் எதிர்ப்பை அடக்கும் அசதையோபிரின் மருந்தோடு நாளுக்கு 3 கிராம் குர்குமின் கொடுத்தார்கள். நோய் திரும்புவதை அது தடுக்கவில்லை. 2020இல் வந்த முடிவு. குரோன்ஸ் குடல் சுவரின் ஆழத்துக்குப் போகிற நோய், உள்பக்கமாகத் தடவிக்கொண்டு போகிற பொருளுக்கு அங்கே எட்டாது என்பது என் புரிதல். குரோன்ஸ் உள்ள என் சிநேகிதர் ஒருவர் கேட்டபோது இதைச் சொல்லி, வாங்க வேண்டாம் என்றேன்.

இனி உறிஞ்சப்படும் விஷயம். கடையில் இதற்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு டப்பா 1,150 ரூபாய். "20 மடங்கு அதிகம் உறிஞ்சப்படும்" என்று முகப்பிலேயே போட்டிருந்தது. கடைப் பையன் அதைத்தான் என் கையில் திணித்தார். மிளகிலிருந்து எடுக்கும் பைப்பரின் சேர்த்தது. இந்த 20 மடங்குக்கு மூலம் எனக்குத் தெரியும்: 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்த ஆய்வு. 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது இரத்தத்தில் சேரும் அளவு 2,000 சதவீதம் ஏறியது. உண்மைதான். ஆனால் பைப்பரின் இல்லாதபோது இரத்தத்தில் இருந்தது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததை இருபதால் பெருக்கினாலும் கொஞ்சம்தான்.

அதைவிடப் பெரிய கேள்வி, நமக்கு இரத்தத்தில் சேர வேண்டுமா என்பது. மூட்டு வலிக்காரர் கவலைப்படலாம், அவருடைய முழங்காலுக்கு இரத்தம் வழியாகத்தான் போக முடியும். நம் புண் பெருங்குடலின் உள்பக்கத்தில் இருக்கிறது. உறிஞ்சப்படாத குர்குமின் குடலோடு இறங்கிப் போய் அந்தப் புண்ணைத் தொட்டுக்கொண்டே செல்கிறது. மெசலமைனும் அப்படித்தான். சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அதற்கு மேல்பூச்சுப் போட்டு, பெருங்குடல் பக்கம் போய்க் கரையும்படி செய்கிறார்கள். ஒரு மருந்து குடலிலேயே தங்க வேண்டும் என்று இவ்வளவு பாடுபடும்போது, குர்குமினைக் குடலிலிருந்து இரத்தத்துக்கு அனுப்புவதற்குக் கூடுதலாக 430 ரூபாய் எதற்கு? ஜப்பானிலும் இஸ்ரேலிலும் கொடுத்தது சாதாரணத் தூய குர்குமின்தான்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள ஏஷியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் கேஸ்ட்ரோஎன்ட்ராலஜியில், உறிஞ்சும் திறன் கூட்டிய குர்குமினை 50 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரண்டு முறை மெசலமைனோடு கொடுத்து நல்ல பலன் பார்த்திருக்கிறார்கள். 2021இல் வெளிவந்தது. ஆக, உறிஞ்சும் வகை வேலையே செய்யாது என்று நான் சொல்லவில்லை. எந்த வகையை எந்த அளவில் சோதித்தார்களோ, அந்த வகையை அந்த அளவில் எடுங்கள் என்கிறேன். 500 மில்லிகிராமோடு பைப்பரினைக் கலந்து, ஒரு சோதனையின் அளவையும் இன்னொன்றின் உறிஞ்சலையும் ஒரே டப்பாவில் போட்டு விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பைப்பரினில் இன்னொரு சிக்கல். கல்லீரலும் குடலும் மருந்துகளை உடைத்து வெளியேற்றும் வேலையை அது தடுக்கிறது. குர்குமின் அதிகம் சேர்வதே அதனால்தான். அதே காரணத்தால், நீங்கள் சாப்பிடும் மற்ற மருந்துகளின் அளவும் இரத்தத்தில் ஏறலாம். எங்களில் பலர் வேறு மருந்துகளும் சாப்பிடுகிறவர்கள். அமெரிக்காவில் மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைப் பதிவு செய்யும் குழு, மஞ்சள் மாத்திரைகளால் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி 2022இல் எழுதியது. ஒருவர் இறந்தே போனார். அவர்கள் சாப்பிட்டவற்றில் 7 பொருட்களைச் சோதித்தபோது 3இல் பைப்பரின் இருந்தது. மஞ்சள் இயற்கை, அதனால் ஒன்றும் செய்யாது என்கிறவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுகிறேன். நாலு கிலோ குழம்புப் பொடியில் வராத பாதிப்பு, சத்தாக இறுக்கிய காப்ஸ்யூலில் வரலாம்.

சரி, சரக்குக்கு வருவோம். காப்ஸ்யூலைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே அடர்ந்த ஆரஞ்சு நிறத் தூள். நல்ல சத்து அப்படித்தான் இருக்கும். வீட்டுத் தூளின் மஞ்சள் நிறத்தில் இருந்தால் அது வெறும் அரைத்த மஞ்சள், காசைத் திருப்பிக் கேளுங்கள். மஞ்சள் வாசனை அநேகமாக இல்லை. அதுவும் சரிதான். வாசனை எண்ணெயில் இருக்கிறது, கரைப்பானில் பிரித்து எடுக்கும்போது எண்ணெய் தனியாகப் போய்விடும். தண்ணீரில் போட்டால் கரையாமல் மிதந்தது, சாராயத்தில் கரைந்து பளிச்சென்று நிறம் விட்டது. இதெல்லாம் கண் பார்வைச் சோதனை, சதவீதத்தை உறுதி செய்யாது.

லேபிளில் சிறிய எழுத்தில் "மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல" என்ற பொருளில் ஆங்கிலத்தில் போட்டிருந்தார்கள். உணவுச் சேர்க்கை என்ற பெயரில் விற்பதால் சட்டப்படி போட வேண்டிய வாசகம் அது. நோயாளிக்கு அதன் பொருள் என்ன? மருந்துக்கு இருக்கிற கெடுபிடி இதற்கு இல்லை. ஆகவே சோதனை அறிக்கையை நாமே கேட்டு வாங்க வேண்டும். திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு நிறுவனம் அனுப்பியது. குர்குமினாய்டு 95.4 சதவீதம், ஈயம், ஆர்சனிக் எல்லாம் வரம்புக்குள். படிக்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அறிக்கையின் மேலே இருந்த தொகுதி எண் என் டப்பாவின் எண் இல்லை. வேறு ஏதோ சரக்கின் அறிக்கை. மண்டியில் ஒரு மூட்டைச் சாம்பிளைக் காட்டி வேறு மூட்டைக்கு விலை பேசினால் ஏலம் அங்கேயே நின்றுவிடும். மருந்துப் பொருளில் அதைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டாமா? இதற்காக மட்டும் நான் மதிப்பெண்ணில் பெரிய வெட்டு போடுகிறேன்.

ஈயத்தைப் பற்றி ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், மஞ்சளுக்குப் பளபளப்பு ஏற்ற லெட் குரோமேட் பூசும் பழக்கம் சில இடங்களில் இருந்திருக்கிறது. வங்கதேசத்தில் அதை ஆராய்ந்து 2019இல் வெளிப்படுத்தினார்கள். நல்ல விரலிக்கு எந்தப் பூச்சும் தேவையில்லை. சரியாக வேக வைத்துக் களத்தில் காயப்போட்டு, டிரம்மில் சுற்றினால் அதற்கே மினுக்கு வரும். இரவு பகலாகப் பாடுபட்டு அப்படிக் கொண்டு வருகிற விவசாயிகளுக்குச் செய்யும் துரோகம் அந்தக் கலப்படம்.

சாப்பிட்ட அனுபவம். கோவையில் எனக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்கினேன். மெசலமைனில் ஒரு மாத்திரை கூடக் குறைக்கக் கூடாது, முதலில் கல்லீரல் பரிசோதனை, ஒரு மாதம் கழித்து மறுபடி ஒன்று, இதுதான் அவருடைய நிபந்தனை. அப்போது எனக்கு நோய் லேசாகக் கிளம்பியிருந்தது. காலை உணவுக்குப் பின் மூன்று, இரவு உணவுக்குப் பின் மூன்று என்று நாளுக்கு 3 கிராம்.

முதல் வாரம் வயிறு உப்பசம், லேசான எரிச்சல். வெறும் வயிற்றில் எடுத்தால் எரிச்சல் அதிகம். சாப்பாட்டில் கொஞ்சம் நெய் சேர்த்த பின் எடுத்தபோது சரியானது. மலம் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம். தினமும் இரத்தம் இருக்கிறதா என்று பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு அது முதலில் திக்கென்று இருக்கும். காப்ஸ்யூல் பெரியது. தொண்டையில் ஒட்டாமல் இருக்க ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும். உறை தாவர உறை, பச்சைப் புள்ளி இருக்கிறது. மழைக் காலத்தில் காப்ஸ்யூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, மூடி சரியான இறுக்கம் இல்லை.

பலன்? முதலில் குறைந்தது அவசரம். பிறகு இரத்தம் நின்றது. மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்று ஒரு பரிசோதனை உண்டு, குடல் அழற்சியை எண்ணில் காட்டும். பொதுவாக 50க்குள் இயல்பு, 250க்கு மேல் போனால் அழற்சி இருக்கிறது என்று பொருள். எனக்கு 410 இருந்தது 130க்கு வந்தது. வேறு எந்த மருந்தையும் டாக்டர் அந்த நேரத்தில் மாற்றவில்லை. குர்குமின்தான் செய்தது என்று மார் தட்ட மாட்டேன். இந்த நோய் தானாகவே ஏறும், தானாகவே இறங்கும். ஜப்பான் சோதனையில் வெற்று மருந்து எடுத்த 39 பேரில் 31 பேருக்கும்தான் நோய் திரும்பாமல் இருந்தது. அவர்களில் ஒருவர் மதிப்புரை எழுதியிருந்தாலும் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பார். ஆனாலும் ஏலம் முடியும் வரை நாற்காலியில் உட்கார முடிகிறது என்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்த நோய் உள்ளவர்களுக்குத் தெரியும். கல்லீரல் எண்கள் இரண்டு முறையும் சுத்தம்.

மற்ற மூலிகைகளைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். நிலவேம்பை எடுத்துக்கொள்வோம். அதன் சாற்றைப் பெருங்குடல் அழற்சிக்கு முறையாகச் சோதித்தார்கள், 2013இல் முடிவு வந்தது: 224 பேர், நாளுக்கு 1,800 மில்லிகிராம் எடுத்தவர்களில் 60 சதவீதம் பேருக்கு முன்னேற்றம், வெற்று மருந்தில் 40 சதவீதம். அடுத்த கட்டப் பெரிய சோதனை, பலன் தேறாது என்று பாதியில் நிறுத்தப்பட்டது. அது தனிச் சாறு என்பதையும் கவனியுங்கள். காய்ச்சல் காலத்தில் நமக்குத் தரும் நிலவேம்புக் குடிநீர் ஒன்பது சரக்குகள் சேர்ந்தது, வேறு பொருள். சோற்றுக்கற்றாழையை 2004இல் இங்கிலாந்தில் 44 பேரிடம் சோதித்தார்கள். 100 மில்லி வீதம் நாளுக்கு இரண்டு முறை கொடுத்ததில் 30 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது, மற்றவர்களில் 7 சதவீதம். சின்னச் சோதனை. வீட்டில் மடலைக் கீறி எடுக்கிறவர்கள் தோலுக்கு அடியில் வடியும் மஞ்சள் பாலைக் கட்டாயம் கழுவிவிட வேண்டும், அது கடும் பேதி மருந்து.

எனக்கு அதிகம் கவலை தருவது சீன வைத்தியத்தில் சிங் டாய் எனப்படும் நீலப் பொடி. சாய நீலம் எடுக்கும் செடிகளிலிருந்து வருகிறது. குர்குமினோடு அதைச் சேர்த்தும் இப்போது சோதித்திருக்கிறார்கள். 2018இல் வெளிவந்த ஜப்பான் சோதனையில் பத்தில் ஏழெட்டுப் பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது. குர்குமினைவிடப் பலமானது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் தாமாகவே அந்தப் பொடியை வாங்கி மாதக் கணக்கில் சாப்பிட்ட ஒருவருக்கு நுரையீரல் தமனியில் இரத்த அழுத்தம் ஏறிய செய்தி வந்ததால் அந்தச் சோதனையையே முன்கூட்டி நிறுத்தினார்கள். இணையத்தில் இது கிடைக்கிறது. தயவுசெய்து தானாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

குர்குமினுக்கும் ஒதுங்க வேண்டியவர்கள் உண்டு. பித்தப்பைக் கல் அல்லது பித்தக் குழாய் அடைப்பு உள்ளவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், கல்லீரல் பாதிப்பு உள்ளவர்கள் டாக்டர் சொல்லாமல் தொடக் கூடாது. குர்குமின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும் தன்மையுள்ளது. இரத்தம் போய்ப் போய்ச் சோகை வந்த எங்களுக்கு இது முக்கியம். நான் இரும்பு மாத்திரையை மதியத்துக்கு மாற்றிக்கொண்டேன். நாளுக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ இரத்தப் பேதி, காய்ச்சல், படபடப்பு என்று இருந்தால் அது காப்ஸ்யூல் வாங்கும் நேரம் இல்லை, அன்றைக்கே ஆஸ்பத்திரி. டப்பாவில் ஒரு வரியாவது இதைப் பற்றிப் போட்டிருக்கலாம். மாறாக, "நாளுக்கு 1 காப்ஸ்யூல்" என்று இருக்கிறது. எய்ம்ஸில் பலன் தராத அளவு ஏறக்குறைய அதுதான்.

செலவுக் கணக்கு: நாளுக்கு 3 கிராம் என்றால் மாதம் 180 காப்ஸ்யூல், மூன்று டப்பா, 2,160 ரூபாய். நோய் அடங்கிய பின் 2 கிராம் என்றால் இரண்டு டப்பா, 1,440 ரூபாய். மெசலமைன் செலவுக்கு மேல் இது. கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் ஆகும் என்றால் யோசிக்கவே வேண்டாம், மெசலமைனை வாங்குங்கள். ஒரு மாதம், அதிகம் போனால் இரண்டு மாதம் எடுத்தும் அவசரமோ கால்ப்ரொடெக்டினோ இறங்கவில்லை என்றால் நிறுத்திவிடலாம். பலன் கண்டவர்களுக்கு அந்தச் சோதனையில் ஒரு மாதத்திலேயே தெரிந்தது.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். தூளுக்கு முழு மதிப்பெண், லேபிளுக்கும் அறிக்கைக்கும் மூடிக்கும்தான் வெட்டு. இப்போது நாளுக்கு 2 கிராமில் இருக்கிறேன். அடுத்த டப்பா வாங்கும் முன், அதே தொகுதி எண்ணுக்கான சோதனை அறிக்கையை அனுப்பச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். வந்தால் இங்கேயே சேர்த்துவிட்டு அரை மதிப்பெண் கூட்டுகிறேன். வராவிட்டால் அறிக்கை தருகிற வேறு நிறுவனத்துக்கு மாறுகிறேன், அந்த டப்பாவைப் பற்றியும் எழுதுகிறேன்.